ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கும் கோபன்ஹேகனுக்கும் நடுவில்

டாக்டராக நினைக்கும் பிள்ளை படிப்புக்கு நடுவில் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வரலாமா? எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் நியூஜெர்சியில் ப்ரீமெட். ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே ப்ளஸ் டூ முடித்த கையோடு பெரும்பாலும் டாக்டர் படிப்பில் சேர முடியாது. நான்கு வருஷம் ஏதாவது ஒரு பட்டம், கூடவே உயிரியல், வேதியியல், ஆர்கானிக் (கரிம வேதியியல்), இயற்பியல் எல்லாம் லேபோடு. அதற்கப்புறம்தான் மருத்துவக் கல்லூரி.

இரண்டாம் வருஷம் ஜனவரியில் ஒரு செமஸ்டர் கோபன்ஹேகன் போகிறேன் என்றாள். "ப்ரீமெட் பிள்ளைக்கு ஊர் சுற்ற ஏது நேரம்?" என்றேன். "போகட்டும் விடுங்க" என்றாள் அவள் அம்மா. போனாள்.

கணக்கு உதைத்தது இங்கேதான். அவள் கல்லூரியில் ஆர்கானிக் முதல் பாதி ஆகஸ்டில், இரண்டாம் பாதி ஜனவரியில் மட்டும். அந்த ஜனவரியில் அவள் டென்மார்க்கில். இரண்டாம் பாதி ஒரு வருஷம் தள்ளிப்போக, அதை முடித்தபின் எடுக்க வேண்டிய பயோகெமிஸ்ட்ரியும் தள்ளிப்போனது. அது இல்லாமல் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதத் துணிச்சல் வேண்டும். இடைவேளையும் சேர்த்து ஏழரை மணி நேரத் தேர்வு. ஏழரை என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். பட்டம் வாங்கிய வருஷமே சேர வேண்டுமென்றால் மூன்றாம் வருஷ முடிவில் எம்கேட் மதிப்பெண் கையில் இருந்தால் நல்லது. விண்ணப்பம் அந்த ஜூன் வாக்கில் போக வேண்டும். அவளுக்கு அது நடக்கவில்லை. ஒரு வருஷம் இடைவெளி. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மருத்துவக் கல்லூரியில் சேருபவர்களில் பாதிக்கு மேல் இப்படி இடைவெளி விட்டு வருகிறவர்கள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோபன்ஹேகனில் அவளுக்கு ஒருமுறை காய்ச்சல், தொண்டை வலி. அங்கே குடியிருப்பவர்களுக்குத் தரும் மஞ்சள் மருத்துவ அட்டையைக் காட்டியிருக்கிறாள், டாக்டர் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பில் இல்லை, என்ன இன்ஷூரன்ஸ் என்று கேட்கக்கூட ஆளில்லை. பிற்பாடு மருத்துவக் கல்லூரி நேர்முகத்தில் பாதி நேரம் இந்தக் காய்ச்சலைப் பற்றியே பேச்சு ஓடியதாம்.

* * *

அண்ணா, நாங்கள் டெக்சாஸ். பையன் செமஸ்டரைத் தொடவே இல்லை. கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஸ்பெயினில் சலமான்காவுக்குப் போனான். லேப் உள்ள பாடம் எதையும் வெளிநாட்டில் எடுக்காதே, பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்று அட்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்பானிஷ் மட்டும் படித்தான். கிரெடிட் அவன் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ஏறுமா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டோம். வெளிநாட்டுச் சான்றிதழை விண்ணப்பத்துக்கு நேராக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது இலவச கிளினிக்கில் தொண்டு செய்கிறான். வயிறு எரிகிறதா, குத்துகிறதா என்று நோயாளியின் மொழியிலேயே கேட்கிறான்.

* * *

நான் மாணவன். மத்திய அமெரிக்காவில் இரண்டு வாரம் மருத்துவச் சேவை என்று கூப்பிட்டார்கள், பணம் கட்டிப் போனேன். இரண்டாம் நாளே கையில் ஊசியும் நூலும் கொடுத்துத் தையல் போடச் சொன்னார்கள். போட்டேன். பெருமையாகக் கட்டுரையிலும் எழுதினேன். அட்வைசர் படித்துவிட்டு, "இதை இங்கே செய்ய உன்னை விடுவார்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்தப் பையனுக்கு எட்டு வயது இருக்கும். தையல் கோணலாகத்தான் விழுந்தது.

* * *

தம்பி, இதை வெளியே சொன்னதே பெரிது.

கோபன்ஹேகன் போனவளின் தங்கை, எங்கள் சின்னவள், இப்போது முதல் வருஷம். டோக்கியோ என்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்கானிக் இரண்டாம் பாதி எந்தெந்த செமஸ்டரில் நடக்கிறது என்று மட்டும் நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இவள் கல்லூரியில் கோடையிலும் உண்டு.