பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நம் ஊர் ஆங்கிலம் எங்கே காலை வாரும்?

"டிஸ்கஸ் அபௌட்", "ரிட்டர்ன் பேக்" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சிப் பேசாமல் இருக்காதீர்கள். இலக்கணப் பிழையை இங்கே யாரும் பெரிதுபடுத்துவதில்லை. இரு தரப்பும் புரிந்துவிட்டதாக நினைத்து, ஆளுக்கொரு பொருள் கொள்ளும் சொற்களில்தான் வம்பு.

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் மருத்துவர் அறை. ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கே இங்கு சர்ஜரி என்று பெயர். "சர்ஜரிக்கு வாருங்கள்" என்று அழைத்தால், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். "ஐ ஹேவ் பிபி" என்று நாம் சொல்வது அவர்களுக்கு விளங்காது. பிபி எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஹை பிளட் பிரஷர் என்று முழுதாகச் சொல்லுங்கள். சுகர் என்பதை டயாபட்டீஸ் என்றும், லூஸ் மோஷனை டயரியா என்றும் சொல்லுங்கள். டோலோ என்றால் யாருக்கும் தெரியாது, பாராசிட்டமால் என்றால் தெரியும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 102 என்று சொல்லாதீர்கள், இங்கே கணக்கு செல்சியஸில்; அது ஏறக்குறைய 39. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராது என்றால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கேட்பதற்குக் கூச்சப்படுவதுதான் நம்மவர்களின் பெரிய குறை.

வேலைக்கான நேர்காணலில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2015" என்றால் அந்த ஆண்டு மயங்கி விழுந்ததாக அர்த்தமாகும். கிராஜுவேட்டட் என்பதே சரி. கூட்டத்தில் "ஐ ஹேவ் எ டவுட்" என்று கை தூக்கினால், பேசியவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். கொஸ்டின் என்று சொல்லுங்கள். மேலாளர் உங்கள் அறிக்கையை "கொயட் குட்" என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது "பரவாயில்லை" என்ற அளவுக்குத்தான்.

"ஹாஃப் சிக்ஸ்" என்றால் ஆறரை, ஐந்தரை அல்ல. "யூ ஆல்ரைட்?" என்பது வெறும் வணக்கம், உடம்பைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்காதீர்கள்.

துணிக்கடையில் மட்டும் பேன்ட்ஸ் என்று கேட்காதீர்கள், உள்ளாடைப் பகுதிக்குக் கைகாட்டுவார்கள். ட்ரவுசர்ஸ் என்று கேளுங்கள். நம் ஊரில் அது அரைக்கால் சட்டைதான், என்ன செய்வது!