மறு: திருச்சபைப் பௌர்ணமியா, ஏட்டுப் பூரணையா?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில், பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிறு எந்தத் திகதியில் வரும் என்று கணிக்கும் முறையான கம்ப்யூட்டஸுக்குப் 'பாஸ்காக் கணிப்பு' என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் பாஸ்கா என்ற சொல்லோடே வளர்ந்தவர்கள். சிக்கல் அடுத்த சொல்லில்தான். அந்தக் கணிப்பில் சபை எடுத்துக்கொள்ளும் பூரணையான 'எக்லீசியாஸ்டிகல் ஃபுல் மூன்' என்பதற்குத் 'திருச்சபைப் பௌர்ணமி' என்று போட்டிருக்கிறீர்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. மட்டக்களப்பில் பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பு. ஒரு பொடியன் ஓலையை மடித்துச் சிலுவை செய்துகொண்டே கேட்டான்: "சேர், மார்ச் 21இலயோ அதுக்குப் பிறகோ வாற முதல் பூரணை, அதுக்கு அடுத்த ஞாயிறு பாஸ்கா எண்டு சொன்னீங்க. நேத்துத்தானே போயா. அப்ப பாஸ்கா இண்டைக்குத்தானே?"

சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். 12ஆம் திகதி, சனி, பக் போயா, அதாவது ஏப்ரல் மாதப் பூரணை விடுமுறை. அவன் சொன்னது சரி. பாஸ்காவோ 20ஆம் திகதி.

சபை பார்க்கும் நிலவு வானத்தில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. 19 ஆண்டுக்கு 235 நிலவு மாதம் என்ற சுற்றுத்தான் அடிப்படை. ஆண்டை 19ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் அந்த ஆண்டின் சுற்றெண் கிடைக்கும். (ஆங்கிலத்தில் 'கோல்டன் நம்பர்'. 'பொன் எண்' என்று பெயர்க்க வேண்டாம், பொன் விகிதத்தோடு குழம்பும்.) 2025க்குச் சுற்றெண் 12. அட்டவணையில் 12க்கு நேரே பூரணை நாளாக இருப்பது ஏப்ரல் 13. அது ஞாயிறாகவே வந்துவிட்டதால் பாஸ்கா அதற்கடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. 1900 முதல் 2199 வரைக்கும் இந்த ஒரே அட்டவணைதான். சம இரவுபகலும் இப்படியே: வானத்தில் மார்ச் 20இல் விழுந்தாலும் கணக்கில் எப்போதும் 21.

இதையெல்லாம் சொல்லி, "அது ஏட்டுப் பூரணை மனே" என்றேன். "நான் வராட்டியும் இடாப்பில வரவு போட்ட மாதிரியா சேர்?" என்றான். அதேதான்.

பஞ்சாங்கம் பார்க்கிற நமக்கு இதில் வியப்பில்லை. வாக்கியமும் திருக்கணிதமும் ஒரே திதிக்கு வேறு வேறு நேரம் சொல்வதைப் பார்த்துப் பழகியவர்கள்தானே. முதலில் 'வாக்கியப் பூரணை' என்றே வைக்க நினைத்தேன். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருப்பதால் விட்டுவிட்டேன்.

> 'ஏட்டு' என்றால் ஏளனமாகப் படும். ஏட்டுச் சுரைக்காய்தான் நினைவுக்கு வருகிறது.

வரட்டும் அக்கா. அந்தச் சுரைக்காய் கறிக்கு உதவாது, இந்த ஏடு உதவியிருக்கிறது. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் எல்லா ஊரிலும் ஒரே ஞாயிறு வேண்டும் என்றார்கள். ஆளுக்காள் வானத்தைப் பார்த்திருந்தால் அது நடக்குமா? 1582இல் கிரகோரியார் நாட்காட்டி வந்தபோதும் ஏட்டைத் திருத்தினார்களே தவிர, அதை மூடிவிட்டு வானத்துக்குப் போகவில்லை. கிழக்கு ஓர்த்தடொக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை இன்றும் பழைய ஏட்டில்தான் நிற்கின்றன. 2024இல் பாஸ்கா நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. 'திருச்சபைப் பௌர்ணமி' என்றால் எந்தச் சபையுடையது என்று கேள்வி வரும். 'பழைய ஏட்டுப் பூரணை', 'புதிய ஏட்டுப் பூரணை' என்றால் வராது.

> வேதத்தில் அடிப்படை இருப்பதால் 'மறைநூல் பூரணை' எனலாமே.

இதற்கு மட்டும் உறுதியாக மறுப்பு. லேவியர் 23:5 முதலாம் மாதம் 14ஆம் நாள் மாலை என்கிறது. நற்செய்திகள் வாரத்தின் முதல் நாள் என்கின்றன. இரண்டையும் கோத்து 'அதற்கடுத்த ஞாயிறு' என்றது சபை மரபு. சின்ன ஆசியாவில் கிழமை பார்க்காமல் 14ஆம் நாளையே கைக்கொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப் உரோமைக்குப் போய் அங்கே ஆயராக இருந்த அனிசேத்துஸுடன் இதுபற்றிப் பேசினார். ஒருவரையொருவர் மாற்ற முடியவில்லை, சமாதானமாகப் பிரிந்தார்கள். மறைநூலிலேயே முடிந்த விடயம் என்றால் இருவரும் எதைப் பேசியிருப்பார்கள்?

எடுத்துக்காட்டுக்கு 2019ஐப் போடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வானத்தின்படி பாஸ்கா மார்ச் 24, ஏட்டின்படி ஏப்ரல் 21. கணக்கு சரி. ஆனால் அந்த ஏப்ரல் 21இல் இங்கே சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதல் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஏன் பாஸ்கா வந்தது என்பதை ஒரு வரைவிலக்கணத்துக்குக் கீழே எழுத இந்த ஊர்க்காரனுக்குக் கை வராது. 2025ஐ வையுங்கள்.

அப்புறம், எபாக்ட். ஜனவரி 1 அன்று ஏட்டு நிலவுக்கு எத்தனை நாள் வயது என்பது. 'பிறைவயது' என்று வைத்தேன். முழுநிலவாக இருந்தாலும் பிறையா என்று வீட்டில் கேட்கிறார்கள். 'நிலவு வயது' காதில் இடறுகிறது. யாராவது கைகொடுங்கள்.