வாராந்திர நோயாளி விவாதக் கூட்டம்: தொடர வேண்டுமா, நிறுத்திவிடலாமா?

கேள்வி: பொது மருத்துவர், நாகர்கோவில்

எங்கள் மருத்துவமனையில் புதன்கிழமை பிற்பகல்தோறும் நோயாளி விவாதக் கூட்டம் நடைபெறுகிறது. முதுநிலை மாணவர் ஒருவர் ஸ்லைடுகளை வாசிக்கிறார். என்ன நோய் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுவதால் எவரும் யோசிக்க வேண்டியதில்லை. ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) வருகைப் பதிவுக்காக அமர்ந்திருக்கிறார்கள். வெளியே புறநோயாளிகள் டோக்கனுடன் காத்திருக்க, இந்த ஒரு மணி நேரத்தை, படுக்கை படுக்கையாக நோயாளிகளைப் பார்த்துவரும் வார்டு ரவுண்ட்ஸுக்கே கொடுத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். இதை ஏற்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர், தக்கலை

டாக்டர், மண்ணீரலைத் தொட்டுணர்வதையும் நோயாளியிடம் பேசும் பாங்கையும் படுக்கையருகே மட்டுமே கற்க முடியும். ஆனால் அங்கே நோயாளியின் காதுபடப் புற்றுநோயா, காசநோயா என்று ஐயங்களை அடுக்க முடியாது. மேலும், எல்லாப் படுக்கைகளையும் பார்த்து முடிக்கும் அவசரத்தில் யூனிட் சீஃப் முடிவைச் சொல்வாரே தவிர, அந்த முடிவுக்கு வந்த வழியைச் சொல்வதில்லை. அந்த வழியை மாணவருக்குக் காட்டத்தான், அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு கேபட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சி.பி.சி. எனப்படும் மருத்துவ-நோயியல் விவாதக் கூட்ட முறையை வளர்த்தெடுத்தார். விவாதிப்பவருக்கு விடை தெரியாது. கடைசியில் நோயியல் மருத்துவர்தான், பிணக்கூறாய்விலோ திசு ஆய்விலோ கண்ட அந்த விடையை வெளியிடுவார். நீங்கள் விடையைத் தலைப்பிலேயே எழுதிவிடுகிறீர்கள்.

மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர் காய்ச்சல், தலைவலி, குறைந்த தட்டணுக்களுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பேர் டெங்கு என்பார்கள்; ஒருவர் எலிக்காய்ச்சல் என்பார். "அக்குளையும் தொடையிடுக்கையும் பார்த்தீர்களா?" என்று எவரேனும் கேட்கும்போதுதான், வலியில்லாததால் நோயாளியே கவனிக்காத கருத்த பொருக்கும், டாக்ஸிசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படும், சிறு பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் நினைவுக்கு வரும். ரவுண்ட்ஸில் நான்கு பேர் கேட்கும் அந்தக் கேள்வி, கூட்டத்தில் அரங்கு முழுவதற்கும் போய்ச் சேருகிறது.

பதில்: நோயியல் மருத்துவர், நாகர்கோவில்

ஐயா சொல்வது சரியே. ஆயினும் நம் பக்கத்தில் நோயறிவதற்கான பிணக்கூறாய்வுக்கு உறவினர்கள் சம்மதிப்பது அரிதாகையால், பயாப்சி (திசு ஆய்வு) முடிவு உள்ள நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இறப்புகளையும் சிக்கல்களையும் ஆராயும் கூட்டம் தனியே வேண்டும் என்பது என் கருத்து. கேபட்டின் காலத்தவரான அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மேன், தம் சொந்த மருத்துவமனையில் நேர்ந்த பிழைகளை அச்சிட்டே வெளியிட்டவர். நம் ஊரிலோ இத்தகைய கூட்டம் "யார் பார்த்த கேஸ்?" என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று, உயிருக்கே ஆபத்தான அளவை ஆய்வகம் கண்டறிந்தும் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல எவருக்கும் பொறுப்பு வகுக்கப்படவில்லை என்றால், டியூட்டி டாக்டரைக் கடிந்துகொள்வதால் என்ன மாறும்? செவிலியரும் ஆய்வக நுட்பநரும் உடன் அமர்ந்தால்தான் இது வெளிச்சத்துக்கு வரும்.

பதில்: முதுநிலை மாணவி, மார்த்தாண்டம்

மாணவர் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். பேராசிரியர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், அதற்குமேல் எவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆகவே ஹவுஸ் சர்ஜன்கள் முதலிலும் மூத்தவர்கள் இறுதியிலும் பேச வேண்டும். நோயாளியைப் பார்த்திராத யூனிட்டே விவாதத்தை நடத்த வேண்டும். நோய் விவரத்தை, விடையை மட்டும் நீக்கிவிட்டு, திங்கட்கிழமையே எங்களுக்குத் தந்துவிட வேண்டும். நிர்வாகத்திடம் மற்றொன்றையும் எடுத்துச் சொல்லலாம்: முதுநிலைப் பயிற்சி விதிமுறைகளில் கருத்தரங்கு, ஜர்னல் கிளப் (ஆய்விதழ்க் கட்டுரை விவாதம்), நோயாளி விவாதம் ஆகியவை இடம்பெற்றிருப்பதால், கூட்டத்தின் நேரத்தை மாற்றலாமே ஒழிய அடியோடு நிறுத்த இயலாது. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் குறையும் நேரம் எதுவென்று டோக்கன் பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.