யாழ்ப்பாணத்தில் இலத்தீன் உங்கள் காதில் எங்கே விழுந்தது?

நல்லூரான்:

நம் ஊரில் இலத்தீன் மேல் ஆசை வைத்தவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது. எப்படிப் படித்தீர்கள் என்பது இருக்கட்டும், எங்கே எதிர்ப்பட்டீர்கள் என்று சொல்லுங்கள். பூசையில், நீதிமன்றத்தில், மருந்துத் துண்டில், சேமக்காலையில், எங்கென்றாலும் சரி. ஒரேயொரு வேண்டுகோள். கதிரை, மேசை, அலுமாரி, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் வழியாக வந்த கதை வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என்னுடையது சின்னது. கோட்டை வாசலில் 'அன்னோ 1680' என்று வெட்டியிருக்கிறது. கட்டியவர்கள் ஒல்லாந்தர், ஆனால் ஆண்டைப் பொறிக்க மட்டும் இலத்தீன். சின்ன வயதில் அதைக் கட்டியவரின் பெயர் என்றே எனக்கு ஒரு மாமா சொல்லித் தந்தார். அன்னோ துரை!

குருநகர்ப் பெரியவர்:

அறுபதுகளின் தொடக்கத்தில் பீடத்தில் உதவி செய்த பொடியன்களில் நானும் ஒருவன். அப்போது பூசை முழுக்க இலத்தீன். சுவாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனம் பின்னால் இருந்து செபமாலை சொல்லும். அவருக்குப் பதில் சொல்வது எங்கள் வேலை. எங்களுக்கு இலத்தீன் எங்கே தெரியும்? கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடமாக்கினோம். 'தோமினுஸ் வோபிஸ்கும்' என்றால் 'எத் கும் ஸ்பீரித்து தூவோ'. அது சுகம். 'சுஷிப்பியாத்' என்று தொடங்கும் நீளப் பதில்தான் ஆளைக் கொல்லும். முதற் சொல்லை உரத்துச் சொல்வோம், நடுவில் வாய்க்குள் முணுமுணுப்போம், கடைசிச் சொல்லில் எல்லோரும் ஒன்றாக வந்து சேருவோம். சுவாமியாருக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

அதைவிடப் பெரிய சோதனை புத்தகம் மாற்றுவது. நிருபம் வாசித்து முடிந்ததும் பூசைப் புத்தகத்தை அதன் தாங்கியோடு தூக்கிக்கொண்டு படி இறங்கி, நடுவில் முழந்தாளிட்டு, திரும்பப் படியேறி இடப்பக்கம் வைக்கவேண்டும். புத்தகம் முகத்தை மறைக்கும், அங்கி காலில் தட்டும். படியில் உருண்டவர் ஒருவர் இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பூசை தமிழுக்கு வந்தது. அது நல்லது என்பதே இன்றும் என் எண்ணம். பழைய இலத்தீன் பூசையின் அழகைப் பற்றி இளம் பிள்ளைகள் உருகி எழுதுவதை வாசித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்களுக்கு அது விடியற்காலை எழும்பி ஒப்புவிக்கும் பாடம்.

கரம்பன்:

பெரியவர் சொன்ன தமிழ் எழுத்துக் கொப்பியை வாசித்ததும் எனக்கு லிஸ்பன் ஞாபகம் வந்தது. 1554இல் அங்கே அச்சான தமிழ்ச் செபநூல் முழுவதும் உரோமன் எழுத்தில் இருக்கிறது. நீங்கள் செய்ததைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். அந்த நூலைத் தமிழுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் எங்கள் ஊர் தனிநாயகம் அடிகளும் ஒருவர். உரோமையில் அவர் ஆய்வு செய்தது தமிழைப் பற்றி அல்ல, புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் குருக்களைப் பற்றி. இலத்தீன் மூலங்களுக்குள் முங்கி எழுந்த மனிதர் பிறகு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கு வித்திட்டார். ஊரில் இதைச் சொன்னால் 'அப்படியா' என்பார்கள்.

நீதிமன்றத் தெருக்காரி:

நான் சட்டத்தரணி. எங்களிடம் இருக்கும் இலத்தீனைக் கேட்டால் குருநகர் ஐயா காதைப் பொத்துவார். இடைக்காலத் தீர்ப்பைக் குறிக்கும் 'நிசி' எங்கள் வாயில் 'நைசை'. விவாகரத்து வழக்கில் 'நைசை கிடைச்சிட்டுதோ' என்று கட்சிக்காரரே கேட்பார்கள். எதிராளி வராவிட்டால் 'எக்ஸ் பாட்டே'. உரோமன் டச்சுச் சட்டம் ஒரு பக்கம், ஆங்கிலேயர் விட்டுப்போன நடைமுறை மறுபக்கம், இரண்டிலும் இலத்தீன் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஹேபியஸ் கோர்ப்பஸ். பத்திரிகையில் ஆட்கொணர்வு மனு என்று எழுதுவார்கள். ஆளைப் பிடித்து வைத்திருப்பவர் அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரவேண்டும் என்ற எழுத்தாணை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு இதை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அதற்கு முன்பு கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். கையில் சொப்பிங் பை. அதற்குள் லேமினேட் செய்த மகனின் படம், அடையாள அட்டைப் பிரதி, அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், ஒவ்வொன்றின் மூலையிலும் திகதி முத்திரை. நான் அடுக்கத் தொடங்க, 'அப்படி இல்லைப் பிள்ளை, இது முதல்' என்று தானே திருத்தி அடுக்கினார். எந்தக் கடிதம் எந்த மாதத்தில் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு கேட்டார், 'கோப்பஸ் எப்ப கூப்பிடுவினம்?' தவணையை, மனுவை, நீதிமன்றத்தை, எல்லாவற்றையும் சேர்த்து அவர் 'கோப்பஸ்' என்றுதான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் தெரிந்த வீடுகள் கொஞ்சமல்ல. அவர்களில் யாரும் இலத்தீன் ஆர்வலர்கள் இல்லை.

பெரியாஸ்பத்திரிப் பக்கத்து பார்மசி:

அக்கா எழுதியதற்குப் பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சுருக்கமாக. மருந்துத் துண்டில் வரும் பி.டி. நாளுக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். மூன்று தரம், நொக்டே இரவில், ஸ்டாட் உடனே, பி.ஆர்.என். தேவைப்பட்டால் மட்டும். எல்லாமே இலத்தீன் சுருக்கம். ஓ.டி. ஒன்றுதான் ஆபத்தானது. மாத்திரைக்கு நாளுக்கு ஒரு தரம், கண் துளிமருந்துக்கு வலக்கண். துண்டில் 'துளி' என்று இருந்தால் டொக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

கோண்டாவில் உயிரியல்:

வகுப்பில் என் இலத்தீன் அடிக்கோடு போடுவதோடு சரி. உயர்தரப் பிள்ளைகள் விஞ்ஞானப் பெயரைக் கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாகக் கோடு போடவேண்டும், ஒரே கோடாக இழுத்தால் புள்ளி போய்விடும். பனை 'பொராசஸ் ஃபிளாபெலிஃபர்'. விசிறி தாங்கியது என்று பொருள் சொன்னால் ஒருவருக்கும் மறக்காது, ஓலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே. முருங்கைக்கு வந்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். 'மொரிங்கா' நாங்கள் கொடுத்தது.

வண்ணை மாணவன்:

எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எந்த உச்சரிப்பு சரி? பத்திரிசியார் கல்லூரியின் மகுடவாக்கியம் 'ஃபீதே எத் லபோரே'. அதில் சண்டையில்லை. பரியோவான் கல்லூரியுடையது 'லுக்ஸ் இன் தெனேப்ரிஸ்' வரை சரி, கடைசிச் சொல் 'லூச்செத்'தா 'லூக்கெத்'தா? கோயிலில் முதலாவது, நான் படிக்கும் பாடநூலில் இரண்டாவது. சட்டத்தரணி அக்கா சொன்னால் 'லூசெட்' என்பார் போல.

குருநகர்ப் பெரியவர்:

லூச்செத். இதில் என்ன வழக்கு?

நல்லூரான்:

ஐயா, உரோமப் பேச்சாளர் சிசெரோ காலத்தில் 'லூக்கெத்' என்றுதான் சொன்னார்கள், அதற்கு ஆதாரம் இருக்கிறது. கிரேக்கர்கள் அந்தப் பெயரையே 'கிக்கெரோன்' என்று எழுதினார்கள். கோயில் உச்சரிப்பு பிற்காலத்து இத்தாலியப் பழக்கம். தம்பி, பழைய கவிதை வாசித்தால் பாடநூல்படி போ, பாட்டுப் பாடினால் ஐயா சொன்னபடி போ. இரண்டையும் கலந்தால்தான் கேட்க முடியாது.

அதைவிட முக்கியமானது குறில் நெடில். இங்கிலீஷ் வழி படிப்பவர்கள் தடுமாறும் இடம் அது. நமக்கு அது இலவசம். அவர்களின் யாப்பும் அசையின் அளவை வைத்துத்தான் ஓடுகிறது. நெடில் வந்தாலும் ஒற்று அடைத்தாலும் அசை கனம். நேர், நிரை படித்தவனுக்கு அந்த ஓசை சீக்கிரம் பிடிபடும். வேற்றுமையும் அப்படியே, எட்டு வைத்திருக்கிறவனுக்கு ஆறு என்ன பாரம்? திணறுவது பெயரடை பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும்போதுதான்.

கந்தரோடை வரலாற்றாசிரியர்:

நாங்கள் சிலர் சேர்ந்து உரோம எழுத்தாளர் பிளினியின் ஆறாம் புத்தகத்தில் இலங்கை வரும் பகுதியை வாசித்தோம். உரோமப் பேரரசர் கிளாடியஸ் காலம். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் விடுவிக்கப்பட்ட அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றி வரும்போது காற்றில் அள்ளுண்டு 15ஆம் நாள் தப்ரபானியில், அதாவது இலங்கையில், கரையேறுகிறான். அரசன் விருந்தாளியாக வைத்திருக்கிறான். ஆறு மாதத்தில் ஊர்ப் பாஷை பேசப் பழகிவிடுகிறான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளில் தலைகள் வேறு வேறாக இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்ததைப் பார்த்து, இவர்கள் நேர்மையான ஆட்கள் என்று அரசன் முடிவுசெய்து தூதுவர்களை அனுப்பினானாம். கதையில் உரோமருக்கே புகழ் போகிறது, அதனால் அப்படியே நம்பவேண்டும் என்றில்லை.

அடுத்த நாள் ஒரு பொடியன் கேட்டான்: 'சேர், அந்தக் காசு கந்தரோடையிலும் கிடைச்சதோ?' வரலாற்றறிஞர் போல் பீரிஸ் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அங்கே தோண்டியபோது உரோமக் காசுகளும் கிடைத்தது உண்மைதான். ஆனால் இலங்கையில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறிய செப்புக் காசுகள், பிளினிக்கு முந்நூறு ஆண்டுக்குப் பிந்தியவை. அரசன் நிறுத்துப் பார்த்த வெள்ளி வேறு, நம் மண்ணில் தட்டுப்படும் தேய்ந்த செம்பு வேறு. பொடியனுக்கு முகம் வாடிப்போயிற்று. பிறகு, 'செம்புக்காசு எண்டா சாமான் வாங்கின ஆக்கள் வந்திருக்கினம்' என்று தானே சொன்னான். கெட்டிக்காரன்.

வண்ணை மாணவன்:

சேர், பிளினி எனக்குக் கடினம். வசனம் முடிகிற இடமே தெரியவில்லை. தொடக்கக்காரன் எதை வாசிக்கலாம்?

கரம்பன்:

திருக்குறளை வாசி தம்பி, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730 அளவில் இலத்தீனில் பெயர்த்தார். 1865இல் ஜெர்மனியில் கார்ல் கிரவுலின் பதிப்பு வந்தது. அதில் குறள், எளிய தமிழ் உரை, இலத்தீன் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மனப்பாடமான குறளாகப் பார்த்து எடு. அர்த்தம் ஏற்கெனவே தெரியும், எந்த விகுதி எங்கே வேலை செய்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் மிச்சம். காமத்துப்பாலைப் பிறகு பார்க்கலாம்.