மறு: ‘அகாதெமி’க்குக் கழகம் போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘அகாதெமி’ என்பதைத் தமிழில் ‘கழகம்’ என்றால் போதுமா என்று நான் கிளப்பிய சின்ன ஐயத்துக்கு இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று நாள் எட்டிப் பார்க்க முடியாமல் போனது. இன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக, சிக்கல் முளைத்த இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன்.

உலகின் அறிவியல் அகாதெமிகள் பருவநிலை, மக்கள்தொகை, நோய்ப்பரவல் போன்ற பொதுச் சிக்கல்களில் எப்படிக் கைகோக்கின்றன என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் என் கை தானாக எழுதிய வாக்கியம் இது:

“இலண்டன் அரச கழகம், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், உலக அறிவியல் கழகம் ஆகிய கழகங்கள், கழகங்களுக்கிடையிலான கழகத்தின் உறுப்புக் கழகங்கள், பன்னாட்டு அறிவியல் கழகம் இதிலிருந்து வேறு.”

உரக்கப் படித்துப் பார்த்தேன். ஒரே வாக்கியத்தில் எட்டுக் கழகம். எது எதற்குள் அடங்குகிறது என்று எழுதிய எனக்கே விளங்கவில்லை. மூலத்தில் அவை நான்கு வேறு சொற்கள்: சொசைட்டி, அகாதெமி, பார்ட்னர்ஷிப், கவுன்சில். நான்கையும் ஒரே உரலில் போட்டு இடித்திருக்கிறேன்.

அமைப்பே வேறு வேறு என்பதால்தான் சொல்லும் வேறாக வேண்டும் என்கிறேன். பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1983இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் தொடங்கிய உலக அறிவியல் அகாதெமியில் (அப்போது மூன்றாம் உலக அகாதெமி என்று பெயர்) உறுப்பினர்கள் தனி மனிதர்கள். அதே நகரில் ஒரு செயலகம் வைத்திருக்கும் அகாதெமிகளின் கூட்டமைப்பில் (இன்டர்அகாதெமி பார்ட்னர்ஷிப்) தனியாள் யாரும் உறுப்பினர் இல்லை. 140க்கும் மேற்பட்ட அகாதெமிகளே உறுப்பினர்கள். பாரிசில் உள்ள பன்னாட்டு அறிவியல் கவுன்சிலிலோ அகாதெமிகளும் உண்டு, வானியல், வேதியியல் போன்ற துறைவாரி ஒன்றியங்களும் உண்டு. இயற்கை அறிவியலுக்கு ஒன்றும் சமூக அறிவியலுக்கு ஒன்றுமாக இருந்த இரண்டு அமைப்புகள் 2018இல் இணைந்து அது உருவானது. இந்த மூன்றையும் பற்றிப் பேசும்போது ‘கழகம் கூறியது’ என்று எழுதினால், கூறியவர்கள் ஆட்களா, அமைப்புகளா, அமைப்புகளின் அமைப்பா?

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> கழகம் நிலைத்துவிட்ட சொல். பல்கலைக்கழகம் தொடங்கி விளையாட்டுக் கழகம் வரை மக்கள் வாயில் புழங்குகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

பேராசிரியர் ஐயா, கலைக்கச் சொல்லவில்லை. அதன் தலைச்சுமையில் ஒரு மூட்டையை இறக்கிவைக்கச் சொல்கிறேன். குறளில் கழகம் என்பது சூதாடும் களம். “கவறும் கழகமும் கையும்” என்று வள்ளுவர் கண்டித்த இடத்திலிருந்து கிளம்பிப் பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்த சொல் அது. அந்தப் பயணத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இன்று சங்கம், கட்சி, வாரியம், நிறுவனம் என்று அத்தனையும் அதன் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன. பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது கைகொடுக்க மறுக்கிறது.

> அப்படியானால் அகாதெமி என்றே விடுங்கள். சாகித்திய அகாதெமி என்று எழுதிப் பழகியவர்கள்தானே நாம். மூலச் சொல்லுக்கே பொருள் கிடையாது. அது ஏதென்சுக்கு வெளியே இருந்த ஒரு தோப்பின் பெயர்.

அம்மா, என்னை மிகவும் யோசிக்க வைத்த மடல் உங்களுடையது. அக்காதெமஸ் என்ற புராண வீரன் பெயரில் இருந்த தோப்பில் பிளேட்டோ பாடம் நடத்தினார். தோப்பின் பெயர் பள்ளிக்கு ஒட்டியது, பள்ளியின் பெயர் பிற்காலத்தில் அறிஞர் அமைப்புகளுக்கு ஒட்டியது. வேர்ப்பொருளைத் தோண்டிப் பயனில்லை என்கிறீர்கள். ஒப்புகிறேன். இயற்பெயராக வரும் இடங்களில் அகாதெமியை நான் தொடப்போவதில்லை. ராயல் சொசைட்டியையும் ‘அரச கழகம்’ ஆக்கியது என் தவறு. அது ராயல் சொசைட்டியாகவே இருக்கட்டும்.

எனக்குச் சொல் வேண்டியது வகைப்பெயருக்கு. ராயல் சொசைட்டி பெயரில் சொசைட்டி, வகையில் அகாதெமி. இந்திய தேசிய அறிவியல் அகாதெமி 1935இல் தோன்றியபோது அதன் பெயரில் ‘இன்ஸ்டிட்யூட்’ இருந்தது. 1970இல்தான் அகாதெமி ஆனது. பெயர்ப்பலகை மாறியது, வகை மாறவில்லை. அந்த வகையைச் சுட்டும் வேலைக்கு அகாதெமி என்ற சொல் இன்று தளர்ந்துபோயிருக்கிறது. கிரிக்கெட் பழக்கும் இடமும் அகாடமி, போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடமும் அகாடமி. ‘பதினொரு அகாடமிகள் கூட்டறிக்கை’ என்று தலைப்பிட்டால் வாசகர் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். உண்மையில் அந்தப் பதினொன்றும் 2005இல் ஜி8 என்னும் எட்டுத் தொழில்வள நாடுகளின் மாநாட்டுக்கு முன்னால், பருவநிலை மாற்றத்துக்கு உடனே நடவடிக்கை எடுங்கள் என்று அரசுத் தலைவர்களுக்குச் சொன்னவை: ஜி8 நாடுகளின் எட்டு, அவற்றோடு இந்தியா, சீனா, பிரேசில்.

சரி, வகையின் அடையாளம் என்ன? துறையில் பெயர் நாட்டியவர்களை அங்கே ஏற்கெனவே இருக்கும் அறிஞர்கள் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்துவது முதல் வேலை இல்லை. கேட்டால் ஆய்ந்து கருத்துச் சொல்வார்கள். சொன்னதை நிறைவேற்றச் செய்யும் அதிகாரம் கிடையாது. அதிகாரம் இல்லாததுதான் சில நேரங்களில் தகுதியாகிறது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு பிழை நுழைந்தது நினைவிருக்கும். கண்டனப் புயல் கிளம்பியது. அது அரசுகளுக்கிடையிலான குழு. அதைச் சோதிக்க இன்னோர் அரசு அமைப்பை அழைத்தால் யார் நம்புவார்கள்? 2010இல் ஐ.நா. பொதுச்செயலரும் அந்தக் குழுவின் தலைவரும் சேர்ந்து அகாதெமிகளின் கவுன்சிலை அணுகினார்கள் (அந்தக் கவுன்சில் 2016இல் இன்றைய கூட்டமைப்பில் கலந்துவிட்டது). பொருளியல் அறிஞர் ஹரால்டு ஷபிரோ தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு, பருவநிலை அறிவியல் சரியா தவறா என்ற கேள்விக்குள் போகவில்லை. வேலை நடக்கும் முறையைப் பார்த்தது. மதிப்பாய்வைக் கண்காணிக்கும் ஆசிரியர்களின் கையை வலுப்படுத்துங்கள், உறுதியின்மையைச் சொல்ல எல்லா அத்தியாயங்களிலும் ஒரே அளவுகோலை வையுங்கள், தலைவரின் பதவிக்காலத்தை ஒரு மதிப்பீட்டுச் சுற்றோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் கலைந்தது.

‘சொல்லிவிட்டுக் கலைந்தது’ என்று எழுதும்போதுதான் எனக்கு ‘அவையம்’ என்ற பழஞ்சொல் பிடிபட்டது. “நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து” என்கிறது தொல்காப்பியப் பாயிரம். அங்கே நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறத் தெரிந்துகாட்டப்பட்ட பிறகே வெளிவருகிறது. இன்றைய பேச்சில் சொன்னால் சக அறிஞர் மதிப்பாய்வு. மதுரைக்காஞ்சியில் அறங்கூறவையம் இருக்கிறது. கூறுவதைத் தொழிலாகக் கொண்ட அவையம்! அது தீர்ப்புக் கூறிய இடம், இவை தீர்ப்பு வழங்குவதில்லை. அந்த அளவில் உவமை நொண்டுகிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஆளும் மன்றத்தையும் பயிற்றும் பள்ளியையும் நினைவூட்டாமல், கூடிக் கருத்துரைக்கும் அறிஞர்களை நினைவூட்டும் சொல் இதைவிட அண்மையில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வகைப்பெயருக்கு ‘அறிவியல் அவையம்’ என்பது என் பரிந்துரை.

> அவையம் என்றால் அவயவம் என்று படிப்பார்கள். உடலுறுப்பு தானம் பற்றிய கட்டுரை என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்! வெறும் ‘அவை’ போதாதா?

சிரித்துவிட்டேன், தம்பி. முன்னால் ‘அறிவியல்’ நின்றால் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். வெறும் அவைதான் சிக்கல். “அவை கூறின” என்று எழுதினால் அது கூடிய அவையா, சுட்டுப்பெயரா? இந்த மடலிலேயே எத்தனை ‘அவை’ வந்துவிட்டது பார்.

> கூட்டமைப்புக்குப் ‘பல்லவை’ என்று பெயர் வைக்கலாம். பல அவைகள் சேர்ந்தது பல்லவை. சுருக்கம், இனிமை.

இனிமைதான். ஆனால் வள்ளுவர் முந்திக்கொண்டுவிட்டார். அவையஞ்சாமையில், 728ஆம் குறள்: “பல்லவை கற்றும் பயமிலரே நல்லவையுள் நன்கு செலச்சொல்லா தார்.” இதில் நல்லவை என்பது நல்ல அவை, பல்லவையோ கற்ற பல நூல்கள். ஒரே குறளுக்குள் இரண்டு அவையும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சற்றுமுன் தம்பிக்குச் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எங்கே தேட? அவையக் கூட்டமைப்பு என்று நேராகவே வைத்துக்கொள்வோம்.

> ‘பன்னாட்டு அவையக் கூட்டமைப்பு’ என்றால் இன்னும் தெளிவு.

ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, என் சொந்த மனக்குறை. 1899இல் ஜெர்மனியின் விஸ்பாடனில் அகாதெமிகள் கூடி ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைத்தன. 1914இல் வந்த போர் அதை உடைத்தது. போருக்குப் பிறகு 1919இல் எழுந்த ஆய்வுக் கவுன்சிலின் பெயரிலும் ‘பன்னாட்டு’ இருந்தது, ஆனால் தோற்ற ஜெர்மனிக்கு உள்ளே இடம் இல்லை. பெயர் ஒன்றும் செயல் ஒன்றுமாக இருந்த அந்தக் காலத்தை நினைத்தால், தேவையில்லாத இடத்தில் அந்த அடைமொழியை ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஒருமித்த கருத்து என்ற தொடரைப் பற்றியும் ஒரு சொல். 1993இல் உலக மக்கள்தொகை குறித்துப் புதுதில்லியில் அகாதெமிகள் கூடின. அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்துதான் இன்றைய கூட்டமைப்பு பிறந்தது. அறிக்கையில் 58 அகாதெமிகள் கையொப்பமிட்டன. ஆப்பிரிக்க அறிவியல் அகாதெமி மறுத்துவிட்டது. ஆப்பிரிக்காவின் வளர்ச்சிக்கு மக்கள்தொகை ஒரு வளம் என்பது அதன் நிலைப்பாடு. இதை ‘உலக அகாதெமிகளின் ஒருமித்த அறிக்கை’ என்று எழுதினால் மறுத்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். ‘58 அவையங்களின் இசைவறிக்கை’ என்றால் இசையாதவருக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கிறது. கருத்தொற்றுமையை ஒருமனதோடு குழப்பாமல் இருக்க ‘இசைவு’ போதும் என்று நினைக்கிறேன்.

கட்டுரையில் ‘சவால்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘அறைகூவல்’ வேண்டும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பருவநிலை யாரையும் சண்டைக்குக் கூப்பிடவில்லையே. உருதில் சவால் என்றால் கேள்வி. அறிவியலாளர் முன்னால் வைக்க அது பொருத்தமாகவே இருக்கிறது. விட்டுவிடுவோம்.

கடைசியாக, ஃபெலோ, அதாவது அகாதெமி தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்ட அறிஞர். கூட்டமைப்பில் அவையங்கள் உறுப்பினர் என்று ஆன பிறகு ஆளையும் உறுப்பினர் என்றால் பழைய உரலுக்கே திரும்பிவிடுவோம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பல நாட்டவர் பல இடங்களிலிருந்து பார்த்த 1761, 1769 ஆண்டுகளை எல்லோரும் அறிவீர்கள். பாரிஸ் அகாதெமியைச் சேர்ந்த வானியலாளர் லெ ஜாந்தீ, முதல் முறை போரினால் புதுச்சேரியில் இறங்க முடியாமல் ஆடும் கப்பலில் நின்று பார்த்தார். எட்டு ஆண்டு காத்திருந்து புதுச்சேரியிலேயே கருவிகளை நாட்டியபோது மேகம் மறைத்தது. 1771இல் ஊர் திரும்பினால், செத்துப்போனவர் கணக்கில் சேர்த்து அகாதெமியில் அவருடைய இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த இருக்கைக்கு உரியவரைத்தான் ஒரு சொல்லால் சுட்ட வேண்டும். ‘அவையத்தார்’ பன்மைக்குப் பொருந்துகிறது. ஒருமைக்கு ‘அவையர்’ என்று வைத்திருக்கிறேன்; அரைமனதோடு.

புதிய வாக்கியம்:

“ராயல் சொசைட்டி, அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமி, உலக அறிவியல் அகாதெமி ஆகிய அவையங்கள் அவையக் கூட்டமைப்பின் உறுப்புகள், பன்னாட்டு அறிவியல் கவுன்சில் இதிலிருந்து வேறு.”

கழகம் ஒன்றுகூட இல்லை. குறை இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

——

அன்பருக்கு,

வாக்கியம் தெளிந்துவிட்டது. வகைப்பெயர், இயற்பெயர் என்று பிரித்த பிறகு எனக்கு மறுப்பு இல்லை. கழகத்துக்காக வாதாடிய நானே அதை இறக்கிவைக்கிறேன். இசைவறிக்கை நன்று. அவையர் வேண்டாம், ஒருவரைச் சொல்லும்போதும் மரியாதைப் பன்மையில் அவையத்தார் என்றே எழுதலாம். ‘அவர் ராயல் சொசைட்டியின் அவையத்தார்’ என்பது காதுக்கு உறுத்தவில்லை.

ஒரே ஒரு திருத்தம். அவயவம் என்று ஒருவர் கேலி செய்தார், நீங்களோ “அவையங்கள் … உறுப்புகள்” என்று எழுதி அவருக்கே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ‘உறுப்பவையங்கள்’ என்று மாற்றிவிடுங்கள்.