ஸ்பானிஷ், சட்டத் தொழில்நெறி, சமூகவியல்: மூன்றும் ஒரே மேசையில் மோதிய நாள் உங்களுக்கு உண்டா?

வைகறை (ஹூஸ்டன்) எழுதியது:

எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பேனா இன்னும் என் உள்ளங்கையில் இருப்பதுபோல் இருக்கிறது.

சமூகவியல் என் முதன்மைப் பாடம், ஸ்பானிஷ் துணைப்பாடம். போன பருவத்தில் சட்டத் தொழில்நெறி வகுப்பும் எடுத்திருந்தேன். சனிக்கிழமை இலவசச் சட்ட உதவி முகாம்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே இரண்டே வழக்கறிஞர்கள். வெளியே பெயரும் விவரமும் குறித்துக்கொள்ள எங்களைப் போன்ற மாணவர்கள். கதவு வரை வரிசை.

எல் சால்வடோரைச் சேர்ந்த ஒரு பாட்டி என் மேசைக்கு வந்தார். குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் கொடுத்த ஆங்கிலத் தாள் ஒன்றை நீட்டினார். ஒரே பக்கம், நான்கு பத்தி. மூன்றாவது பத்தியில், மாதக் கடைசிக்குள் தானாகவே விரும்பி வீட்டைக் காலி செய்வதாகவும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்றும் இருந்தது. எனக்குப் பகீரென்றது. வழக்கறிஞரைப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். பாட்டிக்கோ மதிய வேலைக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பேனாவை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வோஸ் கே தெசீஸ், மிஹா?" நீ என்ன சொல்கிறாய், கண்ணு? வகுப்பில் எங்களுக்கு 'தூ' (நீ), 'உஸ்தேத்' (நீங்கள்) இரண்டுதான் கற்பித்தார்கள். 'வோஸ்' என்பது எல் சால்வடோர்க்காரர்கள் நெருக்கமானவர்களைக் கூப்பிடும் 'நீ'. 'வோஸ்' என்று ஒருவர் என்னை அழைத்தது அதுதான் முதல்முறை. அந்த உரிமையான அழைப்பைக் கேட்டு என் தொண்டை அடைத்தது.

வழக்கறிஞர் அல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்று இரண்டு நாள் முன்புதான் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். "நோ சோய் அபோகாதா" என்றேன். நான் வழக்கறிஞர் இல்லை. பாட்டி தலையை ஆட்டினார், பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார், தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போட்டாரா, போடவில்லையா? தெரியாது. நான் செய்தது சரியா?

ஆலமரத்தடி (ஃப்ரெஸ்னோ) எழுதியது:

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருப்பதும் ஒரு கேள்விதான்.

திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களைப் பேட்டி கண்டு சமூகவியல் ஆய்வேடு எழுதினேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம், வாய்மொழி ஒப்புதல் போதும் என்று கல்லூரியின் ஆய்வு நெறிக் குழு அனுமதித்திருந்தது. குடியேற்ற ஆவணம் இல்லாத ஒருவருக்கு அந்தக் கையெழுத்தே ஆபத்து. ஆய்வோடு அவர் பெயரைக் கோக்கும் ஒரே காகிதம் அதுதான். எனவே விதிப்படி எல்லாவற்றையும் ஸ்பானிஷில் விளக்கி, சம்மதமா என்று கேட்டேன். "சீ, செஞோரித்தா" என்றார் அவர். ஆம், அம்மா.

முதல் கேள்விக்கும் சீ. அடுத்ததற்கும் சீ. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டேன். அதற்கும் "சீ."

பேனா நின்றுவிட்டது. அவர் முகம் சிவந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம் குனிந்து ஏதோ சொன்னார். நான் இரண்டரை ஆண்டுகள் படித்த மொழியில் அப்படி ஒரு ஒலியே கிடையாது. அது மிஸ்தெக்கோ என்ற பழங்குடி மொழி. அவர் மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்து மலைக் கிராமத்துக்காரர். ஸ்பானிஷ் அவருக்கும் பள்ளிக்கூடத்து மொழிதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் அதிகம் போனதில்லை. அதன் பிறகு அந்தக் குழந்தை மொழிபெயர்த்தாள். எட்டு வயதிருக்கும். அப்பாவின் கூலியை எனக்கு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அடுத்த பக்கத்தில் மேஸ்திரியின் வசவுகள், பெண்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதம் பற்றிய கேள்விகள் இருந்தன. நோட்டை மூடிவிட்டேன்.

அவர் முதலில் சொன்ன அந்த "சீ" ஒப்புதல் ஆகுமா? ஆகாது என்று முடிவு செய்து பேட்டி முழுவதையும் ஆய்விலிருந்து நீக்கினேன். அவர் சொல்ல வந்ததையும் சேர்த்து நீக்கிவிட்டேனோ என்பதுதான் என்னை அரிக்கிறது.

கீழைக்காற்று (சிகாகோ) எழுதியது:

வைகறை, நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். விதியைக் காப்பாற்றினீர்கள், பாட்டியைக் கைவிட்டீர்கள். கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஆல்டன் லோகன் என்பவர் செய்யாத கொலைக்காக 26 ஆண்டுகள் சிறையில் இருந்தார். உண்மையில் கொன்றவர் ஆண்ட்ரூ வில்சன். அதை வில்சனின் வழக்கறிஞர்கள் இருவரும் 1982லேயே அவர் வாயாலேயே கேட்டிருந்தார்கள். வழக்கை ஒப்படைத்த கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக்கூடாது என்பது நெறி. எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 2007இல் வில்சன் இறந்த பிறகுதான் வாய் திறந்தார்கள். 2008இல் லோகன் வெளியே வந்தார். இதை வகுப்பில் படித்த நாள் முதல் 'நெறி' என்ற சொல்லை நான் எளிதில் நம்புவதில்லை.

என் அனுபவம் சிறியது. கட்டுரை ஒன்றில், குற்றவாளி என்ற தீர்ப்பைக் குறிக்க 'கொன்விக்சியோன்' என்று எழுதினேன். பொகோட்டாவில் பிறந்த எங்கள் ஆசிரியை அதை உரக்கப் படித்துவிட்டு, "இவர் தம்முடைய நம்பிக்கைக்காகவா சிறைக்குப் போனார்?" என்று கேட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

ஆகவே புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆங்கிலத்தைப் போலவே ஒலிக்கும் ஸ்பானிஷ் சட்டச் சொல் எதையும் அகராதியைப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். 'கொன்விக்சியோன்' என்றால் மன உறுதி, நம்பிக்கை. தண்டனைத் தீர்ப்புக்கு 'கொந்தேனா' என்பார்கள். 'செந்தென்சியா' தண்டனையை மட்டும் குறிப்பதில்லை, தீர்ப்பு முழுவதையும் குறிக்கும். 'தெமாந்தா' என்றால் கோரிக்கை மட்டுமல்ல, தொடுக்கும் வழக்கு. 'ஃபிஸ்கால்' என்றால் அரசு வழக்கறிஞர். வரி, நிதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'இந்தொக்சிகாதோ' என்ற சொல்லின் கதையைக் கட்டாயம் படியுங்கள். 1980இல் புளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த கியூபக் குடும்பத்தார், சாப்பிட்ட ஏதோ ஒன்று விஷமாகிவிட்டது என்ற பொருளில் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். மருத்துவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் இரத்தக்கசிவு இருந்தது கவனிக்கப்படாமல் போய், அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்தன. தனி நோட்டு ஒன்று போடுங்கள். ஒரு பக்கம் சொல், எதிர்ப் பக்கம் அதை எந்த நாட்டுக்காரர் எந்தப் பொருளில் சொன்னார் என்பது. தினம் ஐந்து சொல் போதும். தலைப்பு வாரியாக எழுதாதீர்கள், கேட்ட நாள் வாரியாக எழுதுங்கள். அப்போதுதான் சொன்னவரின் முகமும் சேர்ந்து நினைவில் நிற்கும்.

பொன்னி (நியூயார்க்) எழுதியது:

கீழைக்காற்று, நீங்கள் இரண்டு வெவ்வேறு விதிகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். லோகன் விவகாரம் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது பற்றியது. வைகறையின் மேசையில் காக்க வேண்டிய இரகசியம் எதுவும் இல்லை. உரிமம் இல்லாதவர் சட்டம் சொல்லக்கூடாது என்பதுதான் அங்கே விதி. அது யாரைக் காக்க வந்தது என்பதை நான் ஒரு கோப்பில் பார்த்தேன்.

சென்னையில் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சமூகவியலை முதல் ஆண்டுகளில் படித்துவிட்டுத் தொழில்நெறியைக் கடைசியில் படித்தேன். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதே இல்லை. இங்கே மேற்படிப்புக்கு வந்த பிறகு குடியேற்ற முகாமில் ஓர் ஈக்வடோர்க்காரரைச் சந்தித்தேன். பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகள். மூன்று ஆண்டுகளாக ஒரு 'நோத்தாரியோ'விடம் தவணையில் பணம் கட்டியிருந்தார். அவருடைய நாட்டில் நோத்தாரியோ என்றால் சட்டம் படித்துப் பெரிய பொறுப்பில் இருக்கும் மனிதர். அமெரிக்காவிலோ நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்கிறவர், அவ்வளவுதான். சொல் ஒன்றாக இருப்பதை வைத்தே ஏமாற்றிப் பிழைக்கிறார்கள். வைகறை இருக்கும் டெக்சாஸில், நோட்டரிகள் அந்தப் பெயரை ஸ்பானிஷில் அப்படியே மொழிபெயர்த்து விளம்பரம் செய்வதையே சட்டம் தடை செய்திருக்கிறது.

அவர் ரசீதுகளைத் தேதி வாரியாக மேசைமேல் அடுக்கினார். ஒரு விண்ணப்பம்கூடத் தாக்கலாகவில்லை என்று நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. "ஆனால் அவர் ரொம்ப அன்பாகப் பேசினாரே" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். உங்கள் பாட்டியும் உங்களிடம் அன்பைத்தான் பார்த்தார், வைகறை. அதனால்தான் நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தது சரி என்கிறேன்.

மணல்மேடு (எல் பாசோ) எழுதியது:

பொன்னி அக்கா சொல்வது பாதி சரி. மீதியைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்புச் சான்றிதழ்ப் படிப்பு. சாட்சி 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சேர்க்கக் கூடாது. நம்மைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் மட்டும் 'மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்றாம் ஆள்போல் சொல்லிக்கொள்ள வேண்டும். மாதிரி நீதிமன்றத்தில் மனைவியை அடித்த ஒருவரின் வாக்குமூலத்தை எனக்குக் கொடுத்தார்கள். "நான் அவளை அடித்தேன். கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் அடித்தேன்." என் வாயிலிருந்து, என் குரலில். என் சித்தி வீட்டில் நான் கேட்டு வளர்ந்த கதவுச் சத்தம் அது. குரல் உடைந்து, "என்னால் முடியவில்லை, ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டேன்.

நீதிபதியாக உட்கார்ந்திருந்த ஆசிரியர் அதை அப்படியே பதிவு செய்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மனம் உடைந்து பேசியதாக அது பதிவாகிவிட்டது. என் கண்ணீர் அவன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது வைகறைக்கு. 'கையெழுத்துப் போடு', 'போடாதே' இரண்டும் ஆலோசனை; அதை நீங்கள் சொல்ல முடியாது, சரி. ஆனால் அந்தத் தாளில் இருப்பதை இருக்கிறபடி ஸ்பானிஷில் வாசித்துக் காட்டுவது மொழிபெயர்ப்பு. தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ஒரே குரலில் வாசிக்க வேண்டும். மூன்றாவது பத்தியை மட்டும் தனியாக வாசித்தால் அதுவும் ஆலோசனையாகிவிடும், ஏனென்றால் எது முக்கியம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். முழுப் பக்கத்தையும் வாசித்திருக்கலாம். உள்ளே போய் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து வாசித்திருந்தால் இன்னும் நல்லது. விதி உங்களைத் தடுத்தது ஒரு கையளவுதான். மீதியைத் தடுத்தது பயம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த மாதிரி நீதிமன்றத்தில் எனக்கும் அதே பயம்தான் வந்தது.

வைகறை எழுதியது:

மணல்மேடு, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று இரவு எழுந்து உட்கார்ந்தேன். எட்டு மாதமாக 'சொல்வதா, சொல்லாமல் இருப்பதா' என்று இரண்டாக மட்டும்தான் யோசித்திருக்கிறேன். வாசிப்பது என்று ஒன்று இருந்ததே எனக்குத் தோன்றவில்லை.

நினைவிலிருந்தவரை அந்தத் தாளை ஸ்பானிஷில் எழுதிப் பார்த்தேன். பிறகு உரக்க வாசித்தேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இரண்டு நிமிடம் பத்து விநாடி. மூன்றாவது பத்தியில் 'தானாகவே விரும்பி' என்பதற்கு 'வோலுந்தாரியாமென்தே' என்று வருகிறது. பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கக்கூடிய சொல். அவருடைய பஸ்ஸுக்கு அப்போது இன்னும் இருபது நிமிடம் இருந்தது.