‘சுற்றுகிறது’ என்றால் போதுமா? குறைந்த பட்ஜெட்டில் பழைய டர்ன்டேபிள் வாங்கிய அனுபவம்

இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் பழைய டர்ன்டேபிள்களை விற்பவர்களில் பெரும்பாலானோர் தரும் சான்றிதழ் ஒன்றுதான்: “நன்றாகச் சுற்றுகிறது.” மின்விசிறியும்தான் நன்றாகச் சுற்றுகிறது. இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் சுற்றாத ஒன்றைத்தான் வாங்கினேன். இன்றுவரை அதில்தான் பாட்டுக் கேட்கிறேன்.

தேடத் தொடங்கும்போதே பெயர் பெற்ற மாடல்களை ஒதுக்கிவிட்டேன். 1954-இல் வந்த காரர்ட் 301, 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்றவற்றுக்குச் சேகரிப்பாளர்களும் டிஜேக்களும் எப்போதும் தயாராக நிற்கிறார்கள். சின்னப் பட்ஜெட்காரர்கள் அந்தப் பக்கம் போய் ஏக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் பெருவாரியாகச் செய்த நடுத்தர மாடல்கள்தான் நமக்கானவை. 1982-இல் சிடி வந்தபின் அவற்றில் பல நல்ல நிலையிலேயே பரணுக்குப் போயின. உழைத்துத் தேய்ந்தவற்றைவிடச் சும்மா கிடந்து பழுதானவையே அதிகம் கண்ணில் படுகின்றன. சும்மா கிடந்ததால் வரும் பழுதுகளில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் பார்த்தது ஒரு பெரியவரிடம். தேக்குப் பெட்டிக்குப் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தார். மூடியில் ஒரு கீறல் கிடையாது. இசைத்தட்டை வைக்கும் தட்டும் சுற்றியது. ஊசி பொருத்திய கையைத் தொடப் போனேன். “தொடாதீர்கள் தம்பி, அது நுட்பமான சாமான்” என்றார். அதனால்தான் ஐயா தொட வேண்டும் என்று சொல்லி, அவரைச் சமாதானப்படுத்தி, ஊசிக்கு உறையை மாட்டினேன். கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின்பக்கத்து எடையைத் திருகிக் கையைக் கிடைமட்டமாக மிதக்கவிட்டேன். இந்த நிலையில் நல்ல கை, ஊதினாலே நகரும். விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை எங்கும் தடுக்காது. அவருடையது பாதி வழியில் நின்றுவிட்டது. நுனியைப் பிடித்து மெல்ல அசைத்தால் பேரிங் ‘டக்’கென்று ஆடியது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும் அளவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, பல இடங்களில் அதைவிடவும் குறைவு. அந்த அசைவைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பேரிங்கே ஆடினால் பாட்டு எப்படித் தெளிவாகக் கேட்கும்? பெரியவர் சொன்ன விலை பெட்டிக்கானது. எனக்குப் பெட்டி வேண்டாம்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தேன். மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் பெல்ட் கிடைக்கும், ஊசி பெரும்பாலும் கிடைக்கும், தேடினால் மூடிகூடக் கிடைக்கும். கையின் பேரிங்கும் தட்டின் நடு அச்சும் போனால் போனதுதான். ஆகவே பணம் கொடுப்பது அந்த இரண்டுக்கு மட்டுமே. மற்றதெல்லாம் பேரம் பேச உதவும் குறைகள்.

அடுத்தவர் மிகவும் கெட்டிக்காரர். அவரிடம் இருந்தது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டிலிருந்து 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு வந்த பெல்ட் டிரைவ் இயந்திரம். “வோல்டேஜ் பிரச்சினையே இல்லை, டிரான்ஸ்பார்மர் சேர்த்தே தருகிறேன்” என்றார். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. பழைய ஏசி சிங்க்ரனஸ் மோட்டார்களின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28-ஐக்கூட எட்டாமல் ஓடியது. பாடகியின் சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கி, அவரே தூக்கத்திலிருந்து எழுந்து பாடுவதைப் போல இருந்தது. “பழைய பாட்டென்றால் அப்படித்தான்” என்றார் விற்பவர், கொஞ்சமும் தயங்காமல். சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) தனியாகக் கிடைக்கும், இதற்குக் கிடைக்கவில்லை. டிசி மோட்டார் அல்லது குவார்ட்ஸ் லாக் (படிகத்தால் வேகத்தை நிலைநிறுத்தும் அமைப்பு) உள்ள டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும்) மாடல்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் போதும்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வந்தால் அது 33⅓. விளிம்பில் புள்ளிகள் இருந்தால் இன்னும் எளிது: 50 ஹெர்ட்ஸ் விளக்கில் 180 புள்ளி வரிசையும், 60 ஹெர்ட்ஸ் விளக்கில் 216 புள்ளி வரிசையும் அசையாமல் நிற்க வேண்டும். பல எல்இடி விளக்குகளில் இந்தச் சோதனை எடுபடாது.

நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. “சத்தம் மிகக் குறைவு, பாஸே இல்லை, ஏதோ கோளாறு” என்று ஒருவர் அருமையான டைரக்ட் டிரைவ் ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். கோளாறு ஒன்றும் இல்லை. அதை ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் இணைப்பில் (டேப், சிடி போன்றவற்றுக்கானது) செருகி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஊசியின் அசைவை மின் சைகையாக மாற்றும் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தவிர, இசைத்தட்டில் பாஸைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும்தான் பதிவு செய்கிறார்கள். 1954 முதல் பரவிய ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம்) அளவுப்படி அதைத் திருப்பிச் சமன்செய்யும் வேலை ஃபோனோ பிரீஆம்ப்ளிஃபையருடையது. அது இல்லாமல் கேட்டால் எந்த டர்ன்டேபிளும் கொசு ரீங்காரம்தான். சத்தம் சரியில்லை என்று யாராவது விற்றால், முதலில் எதில் இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இனி நான் வாங்கியது. வீட்டைக் காலிசெய்துகொண்டிருந்த ஒரு அம்மா, “மோட்டார் போய்விட்டது, உதிரிபாகத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். தட்டைத் தூக்கிப் பார்த்தேன். பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஊசிக் கையை உள்ளே நகர்த்தியதும் மோட்டாரின் புல்லி சுற்றியது; போனது பெல்ட் மட்டும்தான். தட்டை மறுபடி வைத்துக் கையால் சுழற்றிவிட்டால் நெடுநேரம் ஓசையின்றி ஓடியது. விளிம்பை அமுக்கினால் ஆட்டம் இல்லை. ஊசி தாங்கிய கையோ காற்றில் மிதந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியேதான் வாங்கினேன். அவருக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சாமான், விலையை ஏற்றவில்லை.

அந்தத் தாரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்த மாலைப்பொழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விரல் நகங்களில் கறை வெகுகாலம் இருந்தது. பெல்ட் கரைந்துவிட்டதால் அளவெடுக்கவும் வழியில்லை. புல்லியையும் உள்தட்டையும் சுற்றி நூல் கட்டி அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட் வாங்கினேன். பாட்டு முடிந்ததும் கை தானாகத் திரும்பும் அமைப்பு அசையவே இல்லை. பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து கிடந்தது. இந்த நிலையில் கையை வலிந்து தள்ளினால் உள்ளே பிளாஸ்டிக் பல் உடையும். பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுக் கிரீஸ் தடவியதும் ஓடத் தொடங்கியது.

செலவில் பெரும்பங்கை விழுங்கியது ஊசி. டர்ன்டேபிளுக்குக் கொடுத்ததை ஏறக்குறைய எட்டிவிட்டது. இதில் சிக்கனம் கூடாது என்பேன். தேய்ந்த ஊசி இசைத்தட்டையும் சேர்த்துக் கெடுக்கும். விற்பவர் “புது ஊசிதான்” என்று சத்தியம் செய்தாலும் பழையதாகவே கணக்கில் வையுங்கள். பேரம் பேசும் முன்பே கார்ட்ரிட்ஜின் மாடலைக் குறித்துக்கொண்டு, அதற்கு மாற்று ஊசி கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனாலும் ஜப்பானின் ஜிகோ போன்றவர்கள் அதன் பல மாடல்களுக்கு ஊசி செய்கிறார்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகு கொண்ட கையில் வேறு கார்ட்ரிட்ஜ் மாட்டலாம். கார்ட்ரிட்ஜ் கையோடு ஒட்டியே வரும் ‘ஆல் இன் ஒன்’ பெட்டிகளில் அந்த வசதி இல்லை; அவற்றை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முடிந்தவரை நேரில் போய் எடுத்துவாருங்கள். தட்டையும் பின்பக்கத்து எடையையும் கழற்றித் தனித்தனியே சுற்றி, ஊசிக் கையைக் கட்டி, ஸ்பிரிங் அமைப்பு உள்ளதென்றால் அதை அசையாமல் பிடிக்கும் டிரான்சிட் திருகுகளை இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். தட்டை மாட்டியபடியே பார்சல் போட்டால், அது பெட்டிக்குள் குதித்து நடு அச்சை வளைத்துவிடும்.

தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டுகளையும் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: 1970களின் மாடல்களில் பலவற்றில் 78 வேகமே இல்லை. அந்த வேகம் இருக்கும் மாடலிலும் ஊசி வேறு வேண்டும். அவற்றின் பள்ளம் அகலமானது. 33⅓ வேக எல்பி இசைத்தட்டுக்கான ஊசியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனான முனை தேவைப்படும். எல்பி ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் பொறுக்கும்.